சேரங்கோட்டுக்குத் தேவை ஊர் வேலி

மற்ற ஊர்களில் வீட்டைச் சுற்றி வேலி போடுவதற்கான செலவுக் கணக்கு எளிது. மனையின் நான்கு பக்கத்தையும் அளந்து, கல்தூண் எத்தனை, முள்கம்பி எத்தனை கிலோ, குழி தோண்ட எத்தனை ஆள் என்று கூட்டினால் தொகை வந்துவிடும். ஆடு, மாடு நுழையக் கூடாது, பக்கத்து மனைக்காரர் எல்லையைத் தள்ளக் கூடாது. அதற்கு மேல் அந்த வேலியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், வயநாட்டை ஒட்டியிருக்கும் சேரங்கோட்டில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே இரவில் வேலிக்கு வெளியே நிற்பது யானை.

சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி, எருமாடு. இந்தப் பெயர்கள் செய்தித்தாளில் வருவதே பெரும்பாலும் யானையோடுதான். 2020 டிசம்பரில் சேரம்பாடிப் பக்கத்தில் சில நாட்களுக்குள் 3 பேரைக் கொன்ற கொம்பன் யானை, 2021 பிப்ரவரியில் பிடிபட்டு முதுமலையில் மரக்கூண்டில் அடைக்கப்பட்டது. அரிசிக்காக வீடுகளை இடித்துப் பேர் வாங்கிய ‘பி.எம்.2’ என்ற மக்னா (தந்தமில்லாத ஆண் யானை), 2022 நவம்பரில் தேவாலா அருகே ஒரு பெண்ணைக் கொன்றது. அடுத்த மாதமே அதைப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். 2023 ஜனவரியில் அது சுல்தான் பத்தேரி நகரத்துக்குள் நடந்து போனது. கேரள வனத்துறை அதை மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் ‘புல்லட்’ என்று மக்கள் பெயர் வைத்த யானை, பந்தலூர் சுற்றுவட்டாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சேதப்படுத்தியது. அதையும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து ஆனைமலைக்கு லாரியில் ஏற்றினார்கள்.

ஒரு யானையைப் பிடித்தால் கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு இன்னொன்று வருகிறது. பலாவும் வாழையும் பாக்கும் வீட்டுக்கொல்லையில் நிற்க, ரேஷன் அரிசி மண்சுவருக்குப் பின்னால் மூட்டையாக இருக்க, தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாகக் காடு கிடக்கும் நிலத்தில் இது ஓயப்போவதில்லை. ஆகவே பிடிப்பதற்குச் செலவிடும் பணத்தோடு, தடுப்பதற்குச் செலவிடும் பணத்தையும் நாம் பேசியாக வேண்டும். அதைச் சரியாகப் பேசவில்லை என்பதே என் வருத்தம்.

முதலில் யாருக்கு வேலி என்று பார்க்கலாம். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே காட்டை வெட்டித் தேயிலை நட்டது தமிழக அரசு. வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி 1976-ல் தனி நிறுவனமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டேன்டீ), சேரங்கோட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை. அவர்கள் குடியிருக்கும், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு அவர்களுடையது இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். தேயிலை வருவதற்கு முன்பே அங்கிருந்த பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்கள் பாடி எனப்படும் குடியிருப்புகளில் இருக்கின்றன. கேரளத்திலிருந்து வந்து மிளகும் காப்பியும் இஞ்சியும் போட்ட சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இருப்பது பழைய ஜென்ம நிலம். 1969-ன் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்தும், ‘செக்‌ஷன் 17’ என்று அந்தச் சட்டம் குறிப்பிட்டு, உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பும் இல்லை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், வேலிக்கான அரசு மானியம் பட்டாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை 2020-21-ல் சூரிய மின்வேலிக்குப் பாதி விலையை மானியமாகக் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. அப்போது 5 வரிசைக் கம்பி போட்ட வேலிக்கு மீட்டருக்கு 250 ரூபாய், 7 வரிசைக்கு 350, 10 வரிசைக்கு 450 என்று விலை வைத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் சிட்டா, அடங்கல் கொண்டுவா என்றால் லைன் வீட்டுக்காரர் எதைக் கொண்டுபோவார்? பணியர் பாடியில் இருக்கும் மூதாட்டி எதைக் கொண்டுபோவார்? யானை யார் வீட்டுச் சுவரை அதிகம் இடிக்கிறதோ, அவர்களுக்கே அந்தக் காகிதம் இல்லை.

அந்த விலையையே வைத்து ஒரு கணக்குப் போடலாம். இன்றைக்கு விலை கூடியிருக்கும், கணக்கின் முறை மாறாது. 10 சென்ட் மனை, சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 80 மீட்டர். 7 வரிசை வேலி என்றால் 28,000 ரூபாய். நிஜத்தில் அதற்கும் மேலாகும். ஏனென்றால் மின்துடிப்பு கொடுக்கும் எனர்ஜைசர், பேட்டரி, சோலார் தகடு, எர்த் குழி, இடிதாங்கி எல்லாம் 80 மீட்டருக்கும் வேண்டும், 800 மீட்டருக்கும் வேண்டும். சின்ன வேலியில் அந்தச் செலவு முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இப்போது அப்படி 30 வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வையுங்கள். தனித்தனியே போட்டால் 2,400 மீட்டர் கம்பி. மொத்த 3 ஏக்கரையும் சேர்த்து ஒரே சதுரமாக வளைத்தால் 441 மீட்டர் போதும். மலைச்சரிவில் எந்தக் குடியிருப்பும் சதுரமாக இருக்காது. வளைந்து நெளிந்து போகும், ஓடையைச் சுற்றும், பாதைக்கு விலகும். அதனால் இரு மடங்காக 882 மீட்டர் என்று எடுத்துக்கொண்டாலும் மொத்தச் செலவு 3,08,700 ரூபாய். வீட்டுக்கு 10,290. தனியாகப் போடுகிறவருக்கு 28,000, சேர்ந்து போடுகிறவருக்குப் பத்தாயிரம். பாதி மானியம் கிடைத்தால் ஐயாயிரத்துச் சொச்சம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு முதல் தொகை எட்டாத உயரம். கடைசித் தொகையைச் சீட்டுப் பிடித்தாவது கட்டிவிட முடியும்.

தனி வேலியால் வரும் தீங்கு பணத்தோடு நிற்பதில்லை. வேலி போட்ட வீட்டில் முட்டி நின்ற யானை காட்டுக்குத் திரும்பிவிடுமா? அடுத்த வீட்டுக்குப் போகும். பணம் உள்ளவர் வேலி போட, அந்த யானையின் பசி பணம் இல்லாதவர் அடுக்களையில் இறங்கும். மூன்று புறம் வேலி போட்ட வீடுகள், நடுவில் வேலியில்லாத பாதை என்று அமைந்துவிட்டால், அதிகாலையில் வேலைக்குப் போகிறவரும் யானையும் அந்தக் குறுகிய பாதையில்தான் நேருக்கு நேர் சந்திப்பார்கள்.

செலவுக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையின் மையம். சோலார் வேலி போட்ட அன்று வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

கம்பியில் புல் படக் கூடாது. பட்டால் மின்சாரம் அந்தச் செடி வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். யானை தொடும்போது கம்பியில் வலு இருக்காது. சேரங்கோடு இருக்கும் இந்த மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. பக்கத்தில் இருக்கும் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்று சொல்வார்கள். அந்த மழையில் உன்னிச்செடியும் பெரணியும் கொடியும் வளரும் வேகத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலியடியில் கத்தி போட வேண்டும். அதே ஜூன், ஜூலையில் வெயில் இருக்காது, தகடு சரியாக மின்சாரம் தராது, பேட்டரி இறங்கிப்போகும். பலா பழுத்து, மணம் காட்டுக்குள் போகிற காலமும் அதையொட்டித்தான் வருகிறது. அதாவது வேலி மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் வேலி மிகவும் பலவீனமாக இருக்கும். ஆகவே சமவெளியில் போடும் பேட்டரி அளவு இங்கே போதாது. வெயிலே இல்லாமல் பல நாள் தாங்கும் பேட்டரி வேண்டும். மூன்று நான்கு ஆண்டில் அதை மாற்றவும் வேண்டும்.

யானையும் சும்மா இருப்பதில்லை. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன்கள் கற்றுக்கொள்கின்றன. தந்தத்தால் கம்பியை இழுத்து அறுக்கும். தூணைக் காலால் உதைத்துச் சாய்க்கும். பக்கத்தில் நிற்கும் மரத்தைக் கம்பி மேல் தள்ளிவிட்டு அதன் மேல் ஏறி வரும். இதற்கு மாற்றாகத்தான் தொங்கு வேலி வந்திருக்கிறது. உயரமான கம்பங்களுக்கு இடையே மேலே ஒரு கம்பி கட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பிகளைத் தொங்க விடுகிறார்கள். யானைக்கு எட்டும் இடத்தில் உதைக்கத் தூண் இல்லை. கீழே இடைவெளி இருப்பதால் மானும் முயலும் போய்வரலாம். புல்லும் அவ்வளவு சீக்கிரம் கம்பியைத் தொடாது. மழை மிகுந்த இந்தப் பக்கத்துக்கு இது பொருத்தம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இதையும் யாராவது தினமும் பார்க்க வேண்டும். மாலையில் சுவிட்சைப் போட ஒருவர், காலையில் அணைக்க ஒருவர், வோல்ட்மீட்டர் வைத்துச் சோதிக்க ஒருவர், கேட்டைச் சாத்த மறந்தவரைக் கண்டிக்க ஒருவர்.

அகழி வெட்டினால் பராமரிப்பு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இந்த மழையில் அகழியின் கரை சரிந்து, வண்டல் நிறைந்து, யானை நடந்து இறங்கும் சரிவாக மாறச் சில பருவங்கள் போதும். தண்டவாள வேலி உறுதியானது. தென்னாப்பிரிக்காவின் அட்டோ பூங்காவில் 1954-ல் டிராம் தண்டவாளமும் லிஃப்ட் கம்பி வடமும் கொண்டு போட்ட வேலிதான் அங்கே மிஞ்சியிருந்த சில யானைகளையும் சுற்றியிருந்த விவசாயிகளையும் காப்பாற்றியது. கர்நாடகம் பழைய ரயில் தண்டவாளத்தை வைத்து வேலி போடுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. சேரங்கோட்டின் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அது வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

பணமும் இல்லை, மானியமும் இல்லை, பொறுமையும் போய்விட்டது என்னும்போது சிலர் தேடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. வீட்டு லைனிலிருந்தோ கம்பத்திலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது. செலவு சில நூறு ரூபாய். விளைவு மரணம். எனர்ஜைசர் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் அது நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் துடிப்பு. உதறி எறியும், கொல்லாது. நேரடி 230 வோல்ட் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். தொட்டது யானையா, மாடா, இரவில் வெளியே வந்த வீட்டுக் குழந்தையா என்று அது பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் 3 யானைகள் செத்து விழுந்தன. குட்டிகள் இரண்டு, செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்வதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் வேலி போட முன் அனுமதி வேண்டும், கருவி இந்தியத் தரநிலைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விதி சரி. ஆனால் விதியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, சட்டப்படியான வேலியை வாங்கும் வழியைக் கொடுக்காவிட்டால், ஏழையைக் குற்றவாளியாக்குவதில்தான் அது முடியும்.

எங்கே வேலி போடுவது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். வேலி குடியிருப்பைச் சுற்ற வேண்டும், யானையின் வழியை அடைக்கக் கூடாது. இதே மாவட்டத்தில் சீகூர் பீடபூமியில், விடுதிகள் போட்ட வேலிகளால் யானை வழித்தடம் துண்டுபட்டு, வழக்கு பல ஆண்டு நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்தது. 2024 ஏப்ரலில் தமிழகத்தில் 42 வழித்தடங்களை அடையாளம் காட்டிய அறிக்கை வந்தபோது கூடலூர், பந்தலூர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வழித்தடம் என்றாலே தங்களை வெளியேற்றுவது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022-ல் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தபோதும், தொழிலாளி கேட்ட முதல் கேள்வி எங்கள் வீடு என்ன ஆகும் என்பதுதான். குடியிருப்பை மட்டும் வளைத்து, இடையிலுள்ள தேயிலையையும் காட்டையும் யானைக்குத் திறந்துவிடும் வேலி, இருவருக்கும் இடம் கொடுக்கும். நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டம் முழுவதையும் வளைக்கும் பெருந்தோட்ட வேலி யாருக்கும் இடம் கொடுக்காது. அது ஓர் ஊரின் யானையை இன்னோர் ஊருக்குள் தள்ளும்.

சேரங்கோட்டு மக்கள் பலரின் தாத்தா பாட்டிகள் விட்டுவந்த நாட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. இலங்கை பல ஆயிரம் கிலோமீட்டர் மின்வேலியைக் காட்டின் நிர்வாக எல்லையில் போட்டது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் யானை இருந்தது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. 2023 என்ற ஒரே ஆண்டில் அங்கே 400-க்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் வடமேல் மாகாணத்தின் கல்கமுவப் பகுதியில் வேறு வழியைக் காட்டினார்கள். ஊரைச் சுற்றி வேலி, வயலைச் சுற்றி விளைச்சல் காலத்துக்கு மட்டும் வேலி. அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிடுவார்கள், தாளை யானை தின்றுகொள்ளும். பராமரிப்பு ஊர்க்காரர்கள் பொறுப்பு. தன் வீட்டைக் காக்கும் வேலி என்பதால் அவர்கள் புல்லை வெட்டுகிறார்கள். 2020-ல் இலங்கை அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைமை ஏற்று, இந்த ஊர் வேலிகளையே தேசியத் திட்டத்தின் அடிப்படையாகப் பரிந்துரைத்தார்.

தமிழகத்தில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வேலிக்கான ஒதுக்கீட்டைத் தனிநபர் மானியமாகக் கொடுப்பதை நிறுத்தி, குடியிருப்புக்குக் கொடுக்க வேண்டும். பட்டா கேட்கக் கூடாது, ரேஷன் அட்டை போதும். டேன்டீ லைன்களுக்கு நிறுவனமே செலவை ஏற்க வேண்டும், வீடு அதனுடையது அல்லவா? ஒவ்வொரு வேலிக்கும் ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகையை முதல் நாளே தனிக் கணக்கில் போட வேண்டும். இன்று நடப்பது வேறு. கம்பி கட்டி முடித்ததும் ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போய்விடுகிறார், அறுந்த கம்பியை முடிச்சுப் போடக்கூட யாரிடமும் பணமில்லை. களை வெட்டுவதை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஊராட்சிகள் பார்க்கலாம். மக்கள் பங்கும் வேண்டும். 30 வீடுகள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். பேட்டரிக்கும் எடுத்து வைத்து, பழுதும் பார்க்கலாம். பணம் கட்ட முடியாத வீடு உழைப்பைக் கொடுக்கட்டும். சுயஉதவிக் குழுக்கள் இருக்கும் ஊரில் இந்தக் கணக்கை எழுத ஆள் தேட வேண்டியதில்லை.

வேலி எல்லாவற்றையும் செய்துவிடாது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தோட்டத்தில் 3 வயதுக் குழந்தையைக் கொன்ற சிறுத்தையை யானை வேலி தடுத்திருக்காது. அதற்குப் புதர் வெட்ட வேண்டும், பாதைக்கு விளக்கு வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை வேண்டும். வால்பாறையில் 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் யானை நிற்கும் இடத்தை முன்கூட்டியே சொல்கின்றன, அங்கே இறப்புகள் குறைந்தன. அதுவும் வேண்டும். அரிசியை வீட்டுக்கு வீடு மூட்டையாக வைக்காமல், ஊர் வேலிக்குள் உறுதியான ஒரே அறையில் இரும்புப் பெட்டிகளில் வைக்க முடிந்தால் பாதி வீடுகளின் சுவர் தப்பும்.

யானை தாக்கி ஒருவர் இறந்தால் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தருகிறது. தர வேண்டிய பணம், குறைக்கச் சொல்லவில்லை. அதே 10 லட்சத்தில், அரசு வைத்த அந்தப் பழைய விலைப்படி, 2,800 மீட்டருக்கு மேல் 7 வரிசை வேலி போடலாம். நாம் மேலே பார்த்த அளவுள்ள குடியிருப்புகளில் மூன்று அதற்குள் அடங்கும். இறப்புக்குப் பின் கொடுக்க முடிகிற தொகையை இறப்புக்கு முன் கொடுக்க நிதித்துறைக்கு எந்தத் தடையும் இல்லை. வரும் நிதிநிலை அறிக்கையில் கூடலூர் வனக்கோட்டத்தின் குடியிருப்புகளுக்கு ஊர் வேலி என்று ஒரு தலைப்பும், அதன் கீழே பராமரிப்பு என்று இன்னொரு வரியும் இடம்பெற வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் சேரங்கோட்டில் முதல் தூணை நட்டுவிடுங்கள்.